வீட்டில் ஓர் ஈத்து எடுக்கலாமா?
நாய்க்குட்டி: சந்தேகங்களும் விளக்கங்களும்

பெட்டை நாய் வளர்க்கும் வீட்டாரிடம் அக்கம்பக்கத்தார் தவறாமல் கேட்பது, "எப்போ குட்டி எடுக்கப்போறீங்க?" என்பதுதான். குட்டி பிறந்தால் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவைப்பவர் ஒருவர், நல்ல ஆண் நாய் தன்னிடம் இருப்பதாகச் சொல்பவர் இன்னொருவர். இந்த உற்சாகத்தில் முடிவெடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து நள்ளிரவில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கிறது என்று தேடி அலையும் குடும்பங்கள் நிறைய.

குட்டி எடுப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. மிக்ஸி சத்தமும் பிள்ளைகளின் ஓட்டமும் பழகி வளர்ந்த குட்டி, கொட்டகைக் கூண்டில் பிறந்த குட்டியைவிடக் குடும்பத்தோடு எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் குட்டியின் ஆரோக்கியத்திலும் குணத்திலும் பெரும்பகுதி, தாயும் தகப்பனும் சேர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இங்கே பிரசவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெற்றோர் தேர்வைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஒருமுறையாவது குட்டி போடாத பெட்டைக்கு நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதாகும்போது வரும் பெரிய ஆபத்து கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வது. ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. ஒரு ஈத்து எடுத்துவிட்டால் இந்த ஆபத்து தீர்ந்துவிடாது. கருப்பையை அகற்றும் கருத்தடை அறுவைதான் தீர்வு. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள், எந்த வயதில் கருத்தடை செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுவது நல்லது. பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

வீட்டில் வளர்க்கும் பெரும்பாலான நாய்களுக்குக் குட்டி தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. நாய் அதற்காக ஏங்குவதில்லை. ஏங்குவது நாம்தான்.

எத்தனை வயதில் இணை சேர்க்கலாம்? சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய விதிகளை மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்தது. பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஓராண்டில் ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. அடுத்தடுத்து வரும் இரண்டு பருவங்களிலும் குட்டி எடுக்கக் கூடாது. இணை சேர்க்கும் முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, ஆரோக்கியமாக இருப்பதாகச் சான்று தர வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

"நாங்கள் என்ன பண்ணையா வைத்திருக்கிறோம்? வீட்டில் ஒரே ஒரு நாய்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். விற்பதற்காகக் குட்டி எடுப்பவர்களை இந்த விதிகள் வளர்ப்பாளராகவே பார்க்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்வது கட்டாயம். நடைமுறையை மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்டைக்கு எட்டு வயது வரை சட்டம் இடம் கொடுத்தாலும், ஆறு வயதோடு நிறுத்திக்கொள்வது தாய்க்கு நல்லது. முதல் ஈத்தே ஐந்து, ஆறு வயதில் என்றால் வேண்டாம். பிரசவச் சிக்கல் கூடும்.

இரண்டு நாய்க்கும் கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறது. அது போதாதா?

போதாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்றிதழ், இந்த நாய்க்குத் தாய் யார், தகப்பன் யார், பாட்டன் யார் என்று சொல்லும். இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா, கண் தெரிகிறதா, இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா என்று அது சொல்லாது.

பாயின்டர், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். நடையில் குறை தெரியாத நாய்க்கும் எக்ஸ்ரேயில் மூட்டு பொருந்தாமல் இருக்கலாம். இரண்டு வயதில் மயக்கம் கொடுத்து, காலை நீட்டி வைத்து எடுக்கும் எக்ஸ்ரேதான் நம்பகமானது. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டரில் பகல் வெளிச்சத்தில் பார்வை மங்கும் ஒரு மரபுநோய் உண்டு. பெற்றோர் இருவரும் நன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி ஒளிந்திருந்தால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்த நோய் வர வாய்ப்பிருக்கிறது. கன்ன உட்புறத்தைத் தேய்த்தெடுக்கும் மாதிரியிலேயே இதைக் கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது.

இதோடு தொற்று நோய்ப் பரிசோதனையும் வேண்டும். புரூசெல்லா கிருமி இணை சேரும்போது பரவும், கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். நம் ஊரில் இன்னொன்று சர்வசாதாரணம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் பூப்போலச் சிவந்து வளரும் கட்டி அது. நோய் உள்ள நாயின் உயிரணுக்களே இணை சேரும்போது மற்ற நாயில் ஒட்டி வளர்ந்துவிடும் விசித்திரமான புற்றுநோய். தெருவில் திரிந்த ஆண் நாயைக் கொண்டு குட்டி எடுப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. வாரம் ஒரு ஊசி என்று சில வாரங்கள் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் அந்த மருந்து வீரியமானது, அதை ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்?

எங்கள் நாய் அழகு, உடல்வாகும் அருமை. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான். குட்டிகள் நன்றாக வருமா?

அழகாக வரலாம். பயமும் சேர்ந்து வரலாம். அமெரிக்காவின் அர்கன்சாஸில் 1960-களில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஆய்வாளர்கள் பாயின்டர் நாய்களை இரண்டு கிளைகளாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்றில் இயல்பான நாய்கள் தங்களுக்குள் இணை சேர்ந்தன, மற்றதில் மிரட்சி உள்ளவை தங்களுக்குள் சேர்ந்தன. சில தலைமுறைகளிலேயே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. முதல் கிளை நாய்கள் ஆளைப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. இரண்டாம் கிளை நாய்கள் அந்நிய மனிதர் நெருங்கினாலே உடல் விறைத்து, அசையாமல் அப்படியே நின்றுவிட்டன. பிற்பாடு பரிசோதித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. மிரளும் கிளையில் பெரும்பாலான நாய்களுக்குக் காது கேட்கவில்லை. குணத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக நினைத்தவர்கள், தெரியாமலே ஓர் ஊனத்தையும் சேர்த்து வளர்த்திருந்தார்கள்.

இடி சத்தத்துக்கு லேசாக நடுங்குவதைப் பற்றி நான் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் நாயும், பயத்தில் கடிக்க வரும் நாயும் குட்டி எடுக்கத் தகுதியானவை அல்ல. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் அந்தக் குட்டிகள் போகப்போகின்றன.

ராஜபாளையம் நாய்களில் காது கேளாத குட்டி பிறக்கிறதே, ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி, ஆனால் சரியான விளக்கம் அபூர்வமாகவே கிடைக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற நிறமி உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வேலை வேறு. ஒலியை உணரும் நுண்ணிய செல்களுக்கு இரத்த ஓட்டம் தரும் படலத்தை உயிரோடு வைத்திருப்பதே அவற்றின் வேலை. உடல் முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் இனங்களில் நிறமி உயிரணுக்கள் சில நேரம் உள்காது வரை போய்ச் சேருவதில்லை. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தக் காதின் கேட்கும் செல்கள் அழிந்துபோகின்றன. மறுபடி வளர்வதில்லை. மூக்கும் கண்ணிமை ஓரமும் இளஞ்சிவப்பாக இருக்கும் தூய வெள்ளை ராஜபாளையத்தை நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கிறோம். அந்த விருப்பமே ஆபத்தையும் கூட்டுகிறது.

புள்ளி போட்ட டால்மேஷியனும் அடிப்படையில் வெள்ளை நாய்தான். அமெரிக்க டால்மேஷியன்களில் நூற்றுக்கு எட்டுக்கு இரு காதும் கேட்பதில்லை, இருபதுக்கும் மேல் ஒற்றைக் காது கேட்பதில்லை என்று பரிசோதனைகள் காட்டின. இந்த ஒற்றைக் காதுதான் நம்மை ஏமாற்றும். ஒரு காது கேட்கும் நாய் கூப்பிட்டால் வரும், கதவு தட்டினால் குரைக்கும், வீட்டார் யாருக்கும் சந்தேகமே வராது. அதைக் கொண்டு குட்டி எடுத்தால் காது கேளாத குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

தலையில் மெல்லிய மின்முனைகள் வைத்து, காதுக்குள் ஒலி அனுப்பி, மூளையின் எதிர்வினையைப் பதிவு செய்யும் பரிசோதனைதான் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லும். குட்டிக்கு ஐந்து, ஆறு வாரமானபின் செய்யலாம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை என்பது கசப்பான உண்மை. வீட்டில் செய்யக்கூடியது, குட்டி ஆழ்ந்து தூங்கும்போது அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், காற்று அடிக்காமல் ஒரு விசில் ஊதிப் பார்ப்பது. தட்டில் கரண்டியால் தட்டினால் தரை அதிர்வில் எழுந்துவிடும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடன்பிறந்த குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள், இல்லாவிட்டால் மற்றவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். பெற்றோரில் ஒன்றுக்குக் காதில் சந்தேகம் இருந்தாலும், முந்தைய ஈத்தில் காது கேளாத குட்டி பிறந்திருந்தாலும், அதே ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

ரத்தம் கலக்காமல் இருக்க ஒரே வம்சத்துக்குள் சேர்க்கலாம் என்கிறார் ஆண் நாய்க்காரர். சரியா?

தாயோடு மகன், அண்ணனோடு தங்கை, பாட்டனோடு பேத்தி என்று சேர்ப்பதை 2017 விதிகளே தடுக்கின்றன. நெருங்கிய உறவில் சேர்க்கும்போது ஒளிந்திருக்கும் குறைபாட்டு மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துகொள்ளும். ஈத்துக்கு ஈத்து குட்டிகளின் எண்ணிக்கை குறையும், பிறந்த சில நாளில் சாகும் குட்டிகள் கூடும்.

நம் நாட்டு இனங்களில் இந்தக் கவலை இன்னும் ஆழமானது. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. 2020-ல் பிரதமர் தன் மனதின் குரல் நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். இப்படிப் பெயர் கிடைக்கும்போது கேட்பவர்கள் பெருகுவார்கள். நல்ல நாய்களோ சட்டென்று பெருகிவிடாது. கையில் இருக்கும் இரண்டு மூன்று நாய்களைத் திருப்பித் திருப்பிச் சேர்த்து அந்தத் தேவையை நிரப்ப முயன்றால், புகழே இனத்துக்குப் பாதகமாகிவிடும். வேறு ஊர், வேறு வம்சம் தேடிப் போவதுதான் சரி. ராஜபாளையத்தில் இருப்பவர் விருதுநகருக்கு அப்பால், திருநெல்வேலி, மதுரைப் பக்கமும் விசாரித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒருபடி மேலே போய் இனத்தையே காப்பாற்றிய ஒரு கலப்பும் உண்டு. டால்மேஷியன்கள் அனைத்துக்கும் ஒரு மரபணுக் குறை இருந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறி வெளியேறி, குறிப்பாக ஆண் நாய்களுக்குக் கல் அடைக்கும். இனத்துக்குள்ளேயே தேடி இதைச் சரிசெய்ய வழியே இல்லை, ஏனென்றால் குறையில்லாத டால்மேஷியன் ஒன்றுகூட இல்லை. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷெய்பிள் 1973-ல் ஒரு டால்மேஷியன் பெட்டையை ஒரு பாயின்டர் ஆணோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் சரியான மரபணுவின் ஒரு பிரதி வந்தது. அதன்பின் தலைமுறைதோறும் டால்மேஷியனோடே சேர்த்து, யூரிக் அமிலம் குறைவாக உள்ள குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார். பாயின்டரின் பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகி, கடைசியில் அந்த ஒரு நல்ல மரபணுவோடு, பார்வைக்கு முழு டால்மேஷியனாகவே நின்றன குட்டிகள். அமெரிக்க கென்னல் கிளப் 1981-ல் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷியன் வளர்ப்பாளர்கள் எதிர்த்ததால் பதிவு நின்றுபோனது. 2008-ல் குறைக்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது, 2011-ல் அந்தக் கிளைக்குக் கதவு திறந்தது. சுத்த ரத்தம் என்ற பிடிவாதத்தால் இடையில் போனது முப்பது ஆண்டு. அத்தனை ஆண்டும் கல் அடைத்துத் துடித்தவை நாய்கள்.

இதைச் சொல்வது, நாமும் கண்டபடி கலக்கலாம் என்பதற்காக அல்ல. ஷெய்பிள் செய்தது தலைமுறைக் கணக்கில் திட்டமிட்ட வேலை. இனத்தைக் காப்பது என்றால் அதன் நோயையும் சேர்த்துக் காப்பதல்ல என்று புரிந்துகொள்ள இது உதவும்.

பருவத்துக்கு வந்ததும் எந்த நாளில் சேர்ப்பது?

இரத்தப்போக்கு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது நாளில் பெட்டை இணங்கத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஐந்தாம் நாளில் தயாராகும் பெட்டையும் உண்டு, இருபதாம் நாளில் தயாராவதும் உண்டு. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்தால் சரியான நாள் தெரியும், பிரசவ நாளையும் துல்லியமாகக் கணிக்கலாம்.

பருவம் முடியும்வரை, மூன்று வாரமும் பெட்டையை மொட்டைமாடியில்கூடத் தனியாக விடாதீர்கள். ஒரே ஈத்தில் வெவ்வேறு தகப்பனுக்குக் குட்டி பிறக்க முடியும். நல்ல ஆணோடு சேர்த்த மறுநாள் தெரு நாயும் சேர்ந்துவிட்டால், பாதிக் குட்டிகள் யாருடையவை என்று தெரியாமல் போகும்.

சினையாக இருக்கும்போது கால்சியம் டானிக் கொடுக்கலாமா? முட்டை, பால் நிறைய வேண்டுமா?

கால்சியம் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தத் தவறு தாயின் உயிரை எடுத்துவிடக்கூடும். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொள்ளும் உடலின் ஏற்பாடு சோம்பிப்போகும். குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கும். தாய் மூச்சிரைக்கும், தசை வெட்டும், நடக்கத் தடுமாறும், வலிப்பு வரும். குட்டி ஈன்ற முதல் ஒரு மாதத்துக்குள் இந்த அறிகுறி தெரிந்தால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

முதல் ஐந்து வாரம் வழக்கமான உணவே போதும். ஏறத்தாழ 63 நாள் சினையில், குட்டிகள் வேகமாக வளர்வது கடைசி மூன்று வாரத்தில்தான். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, சிறு சிறு வேளைகளாகக் கொடுங்கள், வயிறு நெருக்கப்பட்டிருக்கும். நாலாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் சினை உறுதியாகும். 55 நாளுக்குப்பின் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். எண்ணிக்கை தெரியாமல் பிரசவத்துக்கு உட்காராதீர்கள். கடைசிக் குட்டி உள்ளே இருக்கிறதா இல்லையா என்ற குழப்பத்தில்தான் பல தாய்கள் இறக்கின்றன.

பிரசவத்தின்போது எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும்?

கடைசி வாரம் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். வழக்கமாக 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். பெட்டை சாப்பாட்டை ஒதுக்கும், துணியைப் பிராண்டும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். இது சாதாரணம், பன்னிரண்டு மணி நேரம்வரைகூட நீளலாம்.

பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் கூப்பிடுங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரம் தாண்டினால் கூப்பிடுங்கள். முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நிறத்தில் நீர் வடிந்தால் நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், அப்போது காத்திருக்கவே கூடாது. வெப்பநிலை இறங்கி ஒரு நாள் தாண்டியும் அசைவில்லை என்றாலும் அப்படியே. இந்த நிலைகளில் ஏற்கெனவே பேசிவைத்த மருத்துவரின் எண் கையில் இருக்க வேண்டும், வண்டியும் தயாராக இருக்க வேண்டும். "ஒரு ஊசி போட்டா வந்துடும்" என்று வீட்டுக்கே வந்து ஆக்சிடோசின் போடுபவர்களை அனுமதிக்காதீர்கள். குட்டி குறுக்கே நிற்கும்போது கருப்பையை இப்படி முடுக்கினால் கருப்பை கிழியும்.

குட்டி வந்ததும் தாய் உறையைக் கிழிக்காவிட்டால் நீங்கள் மூக்குப் பக்கம் கிழித்து, வாயைத் துடைத்து, உலர்ந்த துண்டால் முதுகைத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாக வீசி உதறும் பழைய பழக்கம் வேண்டாம், மூளையில் இரத்தம் கசியும்.

பால் குடிக்காத குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

தாயின் சீம்பால்தான் முதல் மருந்து. நோய் எதிர்ப்புப் பொருட்களைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாள் மட்டுமே அப்படியே உள்வாங்கும், அதிலும் முதல் சில மணி நேரம் முக்கியம். நோஞ்சான் குட்டியைப் பால் அதிகமுள்ள பின்காம்பில் பிடித்து வையுங்கள். பசும்பாலில் நாய்ப்பாலில் இருக்கும் அளவு புரதமும் கொழுப்பும் இல்லை, அதை மட்டும் நம்பினால் வயிற்றுப்போக்கும் மெலிவும்தான் மிஞ்சும். நாய்க்குட்டிகளுக்கான பால்பொடி கிடைக்கிறது. குட்டியைக் கவிழ்ந்த நிலையில் வைத்தே ஊட்டுங்கள், மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும். உடல் சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, பிறகே பால். குளிர்ந்த குடல் எதையும் செரிக்காது.

முதல் வாரம் குட்டி கிடக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பல்பு தேவைப்படும். சித்திரை வெயிலில் அதே பல்பு குட்டிகளைக் கொன்றுவிடும். சூடு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், வேண்டாத குட்டி நகர்ந்துகொள்ளும். தினமும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதுங்கள். எடை ஏறாத குட்டி, பார்க்க நன்றாக இருந்தாலும் நோயின் வாசலில் இருக்கிறது. பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும்.

முப்பது நாளிலேயே கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்கக் கூடாது. சந்தைக்கு வரும் குட்டிகளில் நிறைய இந்த வயதில்தான் வருகின்றன என்பது தெரிந்ததே. அதன் விலையை வாங்கிய குடும்பம் கொடுக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட்டும் ஃபுல்லரும் நடத்தி 1965-ல் புத்தகமாக வெளியிட்ட நீண்ட ஆய்வு, குட்டியின் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் அதன் வாழ்நாள் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டியது. உடன்பிறந்ததைக் கடித்து, அது கத்தி விலகும்போதுதான் குட்டி தன் கடியை அடக்கக் கற்கிறது. தாய் முறைத்தால் அடங்கக் கற்கிறது. இந்தப் பாடத்தை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

அதே வாரங்களில் உங்கள் வேலையும் இருக்கிறது. ஆண், பெண், தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், சிறுவர், பாட்டி என்று பலரும் கையில் எடுத்துப் பழக வேண்டும். குக்கர் விசில், பட்டாசு ஓசையை மெதுவாகத் தொடங்கிப் பழக்குங்கள். சிமெண்ட் தரை, புல், படிக்கட்டு எல்லாம் கால் பழகட்டும். வெளியிலிருந்து வருபவர்கள் செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டே குட்டியைத் தொட வேண்டும். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும்.

பூச்சி மருந்து, தடுப்பூசி எப்போது?

வட்டப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குப் போய்விடுகிறது. அதனால் இரண்டு வாரத்தில் முதல் பூச்சி மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம்வரை. குட்டியோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் அந்தப் புழு தொற்றும் என்பதால் இதில் சலுகை கிடையாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கி, பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைத் தடுக்கும் என்பதால் ஒரே ஊசி போதாது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். போட்டதையெல்லாம் தேதியோடு எழுதிய அட்டையைக் குட்டியோடு கொடுங்கள்.

பாயின்டர் குட்டியை அடுக்குமாடி வீட்டாருக்குக் கொடுக்கலாமா?

வீட்டின் அளவு பெரிய விஷயம் இல்லை. தினமும் ஓட விடுபவரா என்பதுதான் கேள்வி. பாயின்டர் மணிக்கணக்கில் வயலில் ஓடி, பறவையின் வாசனை பிடித்ததும் ஒரு கால் தூக்கி நின்று காட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய். காலை பத்து நிமிட நடை அதற்கு எதற்கும் காணாது. அடக்கி வைத்தால் சோபாவைக் கடிக்கும், நாள் முழுக்கக் குரைக்கும், ஒரு வருடத்தில் "இது வேண்டாம்" என்று திரும்பி வரும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இதே விதி. கண்ணால் கண்ட இரையைத் துரத்தும் இனங்கள், வாசலைத் திறந்தால் தெருப் பூனையின் பின்னால் சாலையைக் கடந்துவிடும்.

கேட்பவரிடம் நீங்கள் கேள்வி கேளுங்கள். நாள் முழுக்க வீட்டில் யார் இருப்பார்கள், காலையில் யார் கூட்டிப்போவார்கள், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதமா, வெளியூர் போனால் நாய் எங்கே இருக்கும். குடும்பத்தோடு வந்து தாய் நாயைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பதில் சொல்ல எரிச்சல்படுபவருக்குக் குட்டி இல்லை என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்? லாபம் வருமா?

எக்ஸ்ரே, பரிசோதனைகள், ஸ்கேன், தாயின் உணவு, எட்டு வாரம் குட்டிகளின் உணவு, தடுப்பூசி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு அறுவைப் பிரசவம் வந்தால் அந்த ஒரு செலவே ஈத்தின் வரவை விழுங்கிவிடும். பணத்துக்காகத் தொடங்குபவர்கள் மிச்சப்படுத்தும் இடம் பரிசோதனைகளும் தடுப்பூசியும்தான். அதனால் பணத்தை எதிர்பார்க்காதவர்கள் மட்டும் தொடங்கட்டும்.

காது கேளாத குட்டி பிறந்தால், குட்டி விற்காமல் போனால், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால்?

மூன்றுக்கும் பதில் ஒன்றே: அது உங்கள் நாய். நாயைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காது கேளாத குட்டி கை சைகையிலும் விளக்கு வெளிச்சத்திலும் நன்றாகப் பழகும். நிலத்தைத் தட்டினால் திரும்பிப் பார்க்கும். சாலை ஓர வீட்டுக்கு மட்டும் அது வேண்டாம். குறையை மறைக்காமல் சொல்லி, புரிந்துகொண்டு எடுப்பவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் கருத்தடைக்கான உறுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு எழுத்து ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் நாய் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மைக்ரோசிப் எண்ணையும் சேருங்கள். மூன்றாம் மாதமும் ஓராண்டு நிறைந்ததும் போன் செய்து விசாரியுங்கள். இடுப்பு, கண், காது, குணம் எப்படி என்று குறித்து வையுங்கள். அடுத்த ஈத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த நோட்டுப்புத்தகம்தான் உதவும்.